ஓடைக்கரையில் நீங்க சொன்னதை ஷீபாவிடம் சொல்லிவிட்டேன்

என் பாசத்துக்குரிய ராணியக்கா,

நேற்று சாயங்காலம்தான் மலையிலிருந்து இறங்கி வந்தேன். பையிலிருந்த துணி இன்னும் காயவில்லை. கூட வந்தது யார் தெரியுங்களா? உங்க மக ஷீபா. நாம ரெண்டு பேரும் போன அதே ஓடைக்கரை, டென்ட் போட்டுத் தங்குகிற அதே இடம். அவளேதான் கூட்டிப் போகச் சொன்னாள். அங்கே வைத்து எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன் அக்கா. நீங்க சொல்லாதே என்றதையும், நான் சொன்ன பொய்யையும்.

கோபப்படுவீங்களோ என்னவோ. முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்க.

பதினோரு வருஷம் ஒரே மேசைக்கு முன்னால் நின்றவங்க நாம. திருப்பூரில் முதலிபாளையம் பக்கம் அந்தப் பனியன் கம்பெனியில், தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்குகிற செக்கிங் வேலை. கணவர் விட்டுப் போன பிறகு, ஆறு வயசு ஷீபாவைக் கையில் பிடித்துக்கொண்டு தூத்துக்குடிப் பக்கமிருந்து ரயிலேறி வந்தவங்க நீங்க. மூலனூர்த் தோட்டத்திலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவள் நான். உங்க பேச்சு எனக்குப் புரிய ஒரு மாசம் ஆனது. "நீங்க வாங்க போங்கன்னு பேசுறது எனக்குத் திட்டுற மாதிரியே இருக்குட்டி" என்று முதல் நாள் சொன்னீங்க. ஆனாலும் எனக்கு 'நீ' என்று கடைசி வரை வரவில்லை.

காட்டுக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டதும் நீங்கதான். பொங்கல் லீவுக்கு முந்தின வாரம், டீ நேரத்தில் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினீங்க. மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓடை, கரையில் நாலைந்து டென்ட், அதன் முன்னால் யாரோ உட்கார்ந்து காப்பி குடிக்கிறாங்க.

"மறையூர் தாண்டி இருக்காம். சாப்பாடு அவங்களே போடுவாங்களாம். போவமா?"

"நாம ரெண்டு பேருமாங்க?"

"பின்ன? கலெக்டரையும் கூப்பிடணுமா?"

என் ஊட்டுக்காரர் லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ரெண்டு பொம்பளைக, காட்டுக்குள்ள, துணி ஊட்டுலயா?" ரெண்டு நாள் பேசவே இல்லை. மூணாம் நாள் டார்ச் லைட்டைக் கொண்டு வந்து கொடுத்து, "நான் கூப்பிட்டா போனை மட்டும் எடு" என்றார். அங்கே டவரே கிடையாது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், சொல்லாமல் விடுகிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

அந்த டென்ட்டுக்கு நீங்க பூட்டுப் போட்டது ஞாபகம் இருக்கா? ஜிப்பின் ரெண்டு நாக்கையும் சேர்த்து, சூட்கேஸ் பூட்டை உள்பக்கமாக மாட்டினீங்க. "யானை வந்தா பூட்டைத் திறந்துட்டா வரும்?" என்று சிரித்தேன். "யானைக்கு இல்லட்டி, மனுசனுக்கு" என்றீங்க. விடிந்ததும் வெளியே போக அவசரம், சாவியைக் காணோம். தலையணை, பை, போர்வை எல்லாம் உதறித் தேடினோம். கடைசியில் உங்க சுருக்குப் பையிலேயே இருந்தது. கேம்ப்பைப் பார்த்துக்கொள்கிற மாரியப்பண்ணன் சத்தம் கேட்டு ஓடி வந்து, வெளியே நின்று, "பாம்புங்களா?" என்று கேட்டார். நீங்க அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஓடையில் முகம் கழுவப் போனோம். தண்ணீர் அவ்வளவு குளிர். முழங்கால் அளவில் நின்றுகொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து உங்க இடது அக்குள் பக்கத்தில் வைத்தீங்க.

"அழுத்திப் பாரு. இருக்கா?"

இருந்தது. புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி, நகராமல்.

"எத்தனை நாளாங்க்கா?"

"ரெண்டு மாசம் இருக்கும். வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"திங்கக்கிழமையே டாக்டர்கிட்டப் போலாங்க."

"போலாம். ஷீபாவுக்கு இது கடைசி வருசம்லா. பரீட்சை முடியட்டும். இப்ப தெரிஞ்சா அவ புத்தகத்தைத் தொட மாட்டா. நீ யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். தண்ணீருக்குள் நின்று உங்க கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினேன். அதன் பிறகு நீங்க கரையேறி மூணு தோசை சாப்பிட்டீங்க. எனக்கு ஒண்ணுகூட இறங்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும் அக்கா. அந்த இடத்துக்குப் போன பிறகு என்னிடம் சொல்லத் தோன்றியதா? இல்லை, சொல்வதற்காகவே என்னை அங்கே கூட்டிப் போனீங்களா?

ஊருக்கு வந்த பிறகு வாரா வாரம் கேட்டேன். பரீட்சை முடியட்டும் என்றீங்க. முடிந்தது. வேலைக்கு இன்டர்வியூ இருக்கு என்றீங்க. அதுவும் முடிந்தது. வேலையில் சேர்ந்து ஒரு மாசம் போகட்டும் என்றீங்க. ஒரு நாள் மேசையில் சட்டையை மடிக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தீங்க. அதற்கு அப்புறம்தான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. அதற்குள் அந்தப் புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது.

டாக்டர் அந்தம்மா கேட்டாங்க, "முதல்ல எப்ப தெரிஞ்சது?" நீங்க திரும்பி என்னைப் பார்த்தீங்க. ஒரே ஒரு பார்வைதான். பக்கத்தில் நின்ற ஷீபா அதைப் பார்த்துவிட்டாள்.

உங்களை அடக்கம் பண்ணிய மூணாம் நாள், உங்க வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஷீபா பின்னால் வந்து நின்றாள்.

"சித்தி, டாக்டர் கேட்டப்ப அம்மா உங்களைத்தான் பார்த்தாங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது கண்ணு" என்றேன்.

குழாயை மூடாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். உங்களுக்குக் கொடுத்த சத்தியத்துக்காக இல்லை அக்கா. அதை நீங்களே கொண்டு போய்விட்டீங்க. பயத்தில் சொன்னேன். அவளும் என்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயம்.

அவள் நம்பினாள். அதுதான் தாங்க முடியாமல் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். அரிசிம்பருப்புச் சாதம் என்றால் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவாள். என் ஊட்டுக்காரரோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பாள். எக்ஸ்போர்ட் ஆபீசில் இப்போது ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போடுகிறாள். ஆபீசில் நடப்பதெல்லாம் உங்களிடம் சொல்வது போல என்னிடம் சொல்வாள். நான் ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாசம் உங்க பழைய போனைத் திறந்து படங்களைப் பார்த்திருக்கிறாள். ஓடையில் நீங்க கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படம். நான் எடுத்தது. "எங்கம்மா இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல சித்தி. அங்க என்னையக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். என்ன சாக்குச் சொல்வது?

சனிக்கிழமை விடியக்காலையில் கிளம்பினோம். உடுமலைப்பேட்டை வரை தூங்கினாள். தென்னந்தோப்பும் காற்றாலைகளும் தாண்டி, செக்போஸ்ட்டுக்கு மேலே பஸ் வளைந்து ஏறும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டே வந்தாள். மறையூரிலிருந்து ஜீப். மாரியப்பண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கம்மா. பூட்டுப் போட்ட அக்கா வரலீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஷீபா, "அவங்க இறந்துட்டாங்க. நான் அவங்க பொண்ணு" என்றாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "என்ன பூட்டு?" என்று ஷீபா கேட்க, அவர் கதையைச் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள்.

மத்தியானம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ரெண்டு பேரும் டென்ட்டுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கூரைத்துணியில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடமே உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"அம்மா இங்க சந்தோஷமா இருந்தாங்களா சித்தி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

"கண்ணு, எனக்கு முன்னாடியே தெரியும். இங்கதான் சொன்னாங்க. உன்கிட்ட அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. ஜிப்பை இழுத்துத் திறந்து, செருப்புக்கூடப் போடாமல் மழையில் இறங்கி ஓடைப் பக்கம் நடந்தாள். நாங்க வந்தபோது கண்ணாடி போல இருந்த தண்ணீர், செம்மண் நிறத்தில் குச்சியும் சருகுமாகப் புரண்டு வந்தது. பின்னாலேயே ஓடி அவள் கையைப் பிடித்தேன். மாரியப்பண்ணன் சமையல் கொட்டகையிலிருந்து, "கரைக்குப் போகாதீங்க, தண்ணி ஏறுது!" என்று கத்தினார்.

அவள் கையை உதறினாள்.

"ஒரு வருஷமா வாரவாரம் உங்க ஊட்டுல சாப்பிட்டேனே. ஒரு நாள்கூடச் சொல்லணும்னு தோணலையா?"

"சத்தியம் பண்ணிக் குடுத்தேன் கண்ணு."

"யாருக்கு வேணும் உங்க சத்தியம்? எனக்கு அப்ப இருபத்தோரு வயசு. பரீட்சையை அடுத்த வருஷம்கூட எழுதியிருப்பேன்!"

அக்கா, இதற்குப் பதில் உங்களிடம் இருக்குங்களா?

உடனே கிளம்ப வேண்டும், ஜீப்பைக் கூப்பிடுங்க என்றாள். ஜீப் வருகிற பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது, காலையில்தான் போக முடியும் என்றார் மாரியப்பண்ணன். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு காலியாக இருந்த இன்னொரு டென்ட்டுக்குப் போய்விட்டாள். சாப்பாட்டை மாரியப்பண்ணன் தனித்தனியாகக் கொண்டு வந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. நான் ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். வந்து சற்றுத் தள்ளி நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"எந்த இடத்துல சொன்னாங்க?"

காட்டினேன்.

"எவ்வளவு பெருசா இருந்துச்சு?"

சொன்னேன்.

"அம்மா சொல்லாதேன்னு சொன்னாங்க, நீங்க சொல்லல. அதைக்கூட விட்டுடலாம். நான் நேரா வந்து கேட்டேன். அப்பவும் தெரியாதுன்னீங்க பாருங்க, அதை எப்படி விடறதுன்னு எனக்குத் தெரியல."

"விட வேண்டாம் கண்ணு" என்றேன்.

திடீரென்று திரும்பி, "நீங்க மார்புக்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"பயமா இருக்குது கண்ணு."

அப்போது ஒரு சத்தம் போட்டாள் பாருங்க! அக்கம்பக்கத்து டென்ட்டிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அறிவிருக்கா, கூடவே இருந்து எல்லாத்தையும் பார்த்தீங்கல்ல, யாரை ஏமாத்தறீங்க, நாளைக்கு இன்னொருத்தரையும் நான் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து பார்க்கணுமா என்று மூச்சு விடாமல் திட்டினாள். கேட்கக் கேட்க எனக்குப் புரிந்தது. பாதிதான் என்னைத் திட்டியது. மீதி உங்களுக்கு. உங்களைப் படுக்கையில் பார்த்த நாளிலிருந்து ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் அடக்கி வைத்திருந்திருக்கிறாள். நோயாளியை எப்படித் திட்டுவது? நான் குனிந்த தலை நிமிராமல் உங்க பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

இறங்கும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறும்போது ரெண்டு டீ வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்தாள். திருப்பூரில் இறங்கி, போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

ராத்திரி என் ஊட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். அவருக்கும் இதுவரை தெரியாது. "இனி அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை வருமா?" என்று மட்டும் கேட்டார். தெரியலீங்க என்றேன்.

இன்றைக்கு மத்தியானம், மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது போனில் ஒரு மெசேஜ் வந்தது. ஒரு ஆஸ்பத்திரியின் பெயர். கீழே, "புதன் காலை 10.30. டெஸ்ட்டுக்கு ரெண்டு பேருக்கும் போட்டிருக்கேன். லீவு சொல்லிடுங்க." அவ்வளவுதான். நான் அங்கேயே நின்று அதை நாலைந்து தடவை படித்தேன். லைன் சூப்பர்வைசர் வந்து என்ன விஷயம் என்றார். புதன்கிழமை வர மாட்டேங்க என்று சொன்னேன்.

இனி ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அக்கா. புதன்கிழமை போவேன். எனக்கு என்ன வந்தாலும், எதுவும் இல்லை என்றாலும், அன்றைக்கே அவளிடம் மறைக்காமல் சொல்வேன். அவளுக்குப் பார்க்கும்போது கதவுக்கு வெளியே நிற்பேன்; அவள் என்னோடு பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. வருஷா வருஷம் நிற்பேன். யார் என் கையைப் பிடித்து எந்தச் சத்தியம் கேட்டாலும், அது நீங்களே ஆனாலும், அவளுக்குத் தெரிய வேண்டியதை இனி நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உங்க மகளுக்குச் சித்தி,
சுமதி