தெரிந்த வாசனை

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதிக்கொள்வது.

நலம்தானே? அத்தைக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் உன் போட்டோவைத்தான் கேட்டார்கள். பெரியவள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நீ இங்கிருந்து போய் ஏழு மாதமாகிறது. புது வேலை பழகிவிட்டதா?

விபத்து என்று கேஸை முடித்து, உன் அண்ணனின் பொருள்களைப் போன வாரம்தான் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கொடுத்தார்கள். மண் நிறச் சட்டை, முழங்காலில் கட்டிக்கொண்ட சாக்குத் துணி, கழுத்தில் தொங்கவிட்டிருந்த சின்ன நோட்டு. விலங்கியல் வாத்தியார் லீவு நாளில் காட்டில் நாலு காலில் தவழ்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். "இருபது வருஷமா மானைப் பத்திப் பாடம் எடுக்கறேன். ஒரு நாளாவது மானா இருந்து பாத்திருக்கேனா?" என்பார். கண்ணை நம்பாமல் மூக்காலும் காதாலும் உலகத்தை அறிய வேண்டுமாம். அறிந்ததை அந்த நிமிடமே நோட்டில் கிறுக்கிவிடுவார்.

அப்படித் தவழ்ந்ததால்தான் மான் பிடிக்க நீ வைத்த கம்பிச் சுருக்குகள் அவர் கண்ணில் பட்டன. எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? சாவதற்கு முந்தின நாள் என்னிடம் சொன்னார்: "தம்பிகிட்ட பேசிட்டேன். ரெண்டு நாள்ல எல்லாத்தையும் அவுக்கலைன்னா ரேஞ்சர்கிட்ட சொல்லிடுவேன்." அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. போனவர் போய்விட்டார், இருக்கிறவன் பெயரை ஏன் கெடுப்பது என்று விட்டுவிட்டேன்.

பாறை மேலிருந்து, இருநூறு அடிக்கு அப்பால் புல்லில் ஏதோ அசைந்தது, பன்றி என்று சுட்டுவிட்டேன் என்றாய். என் காலில் விழுந்து அழுதாய். உன்னைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது இந்தக் கைதான்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள் ரத்தத்தில் ஒட்டிக் கிடந்தன. வெந்நீர் ஆவியில் காட்டிப் பிரித்தேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: "காற்று ஓடைப் பக்கமிருந்து. தலைவலித் தைலம். தம்பி வந்திருக்கிறான். மான் என்றால் இந்நேரம் பாய்ந்திருக்கும். எனக்கு ஓடத் தோன்றவில்லை. தெரிந்த வாசனை."

பாறை இருப்பது ஓடைக்கு எதிர்ப்பக்கம், தம்பி.

ஞாயிற்றுக்கிழமை அதே சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நானும் தவழ்ந்தேன். காற்று ஓடையிலிருந்துதான் வந்தது. பெரியவள் உன் தைலத்தைத் தடவிக்கொண்டு முதலில் பாறை மேல் நின்றாள். கண்ணை மூடி முகர்ந்தேன். ஈரமண், மக்கிய இலை. வேறொன்றும் இல்லை. பிறகு ஓடைப் பக்கம் வந்தாள். இருபது அடியில் நின்றபோது மூக்கில் ஏறியது. கண்ணைத் திறந்தேன். அவள் செருப்பு வாரில் குத்தியிருந்த ஊக்கு வரைக்கும் தெரிந்தது. உனக்கு அண்ணன் முகம் தெரிந்திருக்கும். உன்னைப் பார்த்ததும் சிரித்திருப்பார். அவர் வழக்கம் அது.

புது இன்ஸ்பெக்டர் நோட்டைப் படித்தார். ஆஸ்பத்திரி அறிக்கையை எடுத்துக் குண்டு பாய்ந்த பக்கத்தைப் பார்த்தார். உன் விலாசம் கேட்டார். கொடுத்தேன். உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றதும், "ஓடிடுவானேம்மா" என்றார். "ஓடட்டும் சார். ஓடினா அவனே ஒத்துக்கிட்ட மாதிரிதானே" என்றேன். அவர் தடுக்கவில்லை.

சட்டென்று பிடித்துவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். எனக்கு அது போதாது. படியில் யார் ஏறினாலும் நீ மூச்சை அடக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சாப்பிடும்போது நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்க வேண்டும். உன் அண்ணன் ஆசைப்பட்டு அலைந்தது உனக்கு வாய்க்கட்டும்.

அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெற்றவளிடம் அதை நீதான் சொல்ல வேண்டும். போலீஸ் வந்து உன்னை அழைத்துப் போவதற்குள் போன் செய்து, உன் வாயாலேயே சொல். நான் உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான்.

உனக்கு எழுதுகிறேன் என்றதும் அத்தை, "பெரியவன்தான் போய்ட்டான், இருக்கறவனாவது நல்லா இருக்கட்டும்னு எழுதும்மா" என்றார்கள். எழுதிவிட்டேன். நூறு வயது இரு, தம்பி. ஒரு நாள்கூடக் குறையாமல் இரு.

இப்படிக்கு,
உன் அண்ணி