வேலைக்கு வந்தவள்

பெரியவளே,

பால் காய்ச்சியாயிற்று. முட்டை ஆளுக்கு ஒன்று. சாவி வழக்கமான ஆணியில்.

நேற்று உங்கள் ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போனபோது, கடைக்காரம்மா, "ஏழும் உங்களோடதா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ இல்லீங்க, நான் அந்த வீட்டுல வேலைக்கு வந்தவ" என்று சொல்லிவிட்டேன். நீ பின்னால் நின்றதைப் பிறகுதான் பார்த்தேன்.

இரவு குடும்ப ஜெபத்தில் உன் முறை வந்தது. "ஆண்டவரே, எங்க வீட்டுக்கு வேலைக்கு வந்திருக்கிற அம்மாவுக்கு நல்ல சம்பளம் கிடைக்கக் கிருபை செய்யும்" என்றாய். உன் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னதுகள் சத்தமாக ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

உன் அப்பாவைக் கட்டிக்கொள்ளும்வரை எனக்கென்று ஒரு பூனைகூட இருந்ததில்லை. திடீரென்று இத்தனை பிள்ளைகளா என்று ஊர் சிரிக்கும் என்றுதான் நேற்று கூசினேன். இன்று உன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. அதனால் நீ எழுவதற்குள் கிளம்புகிறேன்.

கடைக்குட்டியைத் தேடாதே, என்னோடு வருகிறாள். நானே பள்ளியில் விட்டுவிடுகிறேன். போகிற வழியில் ரொட்டிக் கடைக்காரம்மாவிடம், இவள் என் மகள், வீட்டில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று சொல்வேன்.

அடுப்பை அணைத்தாயா என்று இரண்டு தடவை பார்.

பி.கு. ஜெபத்தில் என் முறையை எப்போதும் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவேன். இன்று இரவு தள்ள மாட்டேன். எனக்குச் சரியாக ஜெபிக்கத் தெரியாது. சம்பளம் வேண்டாம் என்றுதான் ஆரம்பிப்பேன். நீ ஆமென் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை.