முயல் துப்பறிந்த படமும் உங்கள் கண்ணாடியும்

என்னங்க,

கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டுமே என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

நேற்று நானும் என் அக்காவும் தம்பியும் மகளைக் கார்ட்டூன் படத்துக்கு அழைத்துப் போனோம். தேன்ஜாடியைத் திருடியது யார் என்று ஒரு முயல் துப்பறிகிறது. இடைவேளையிலேயே திருடனைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தம்பி பீற்றிக்கொண்டான். அவன் சொன்னது தப்பு. அக்கா பாதிப் படம் தூங்கிவிட்டு, "ரொம்ப நல்ல படம்டி" என்றாள். எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை.

மகள் வீட்டுக்கு வந்ததும் துப்பறிய ஆரம்பித்துவிட்டாள். தையல் மெஷின் டிராயரில் உங்கள் கண்ணாடி அகப்பட்டுவிட்டது.

"அப்பா வெளியூருக்குத் தைக்கப் போயிருக்காருன்னு சொன்னியே, கண்ணாடி இல்லாம ஊசியில நூல் எப்படிக் கோப்பாரு?"

"வேற வாங்கியிருப்பாரு" என்றேன்.

"படத்துல பொய் சொல்றப்ப அந்தத் திருட்டு நரியும் உன்ன மாதிரியேதான் மூக்கைத் தொட்டுச்சு."

நீங்கள் வீட்டை விட்டுப் போன அன்று நான் சொன்னதை இங்கே திரும்ப எழுதக் கை வரவில்லை. என்னை மன்னிக்கவே வேண்டாம், வந்தால் போதும்.

இன்று காலை அவளுடைய நோட்டைத் திறந்து பார்த்தேன். 'அப்பா போனதுக்கு யார் காரணம்?' என்று எழுதியிருந்தாள். கீழே என் பெயர்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

'நான்தான். அப்பா துணி வெட்டுற கத்தரியில பேப்பர் வெட்டி மழுங்க வச்சுட்டேன்.'

இப்படிக்கு,
அவளுடைய அம்மா