தழும்பைத் தொடப் பயப்படுகிறவனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று வாரத்துக்கு இரண்டு முறை போனில் நீயே அறிக்கை விடுகிறாய், அதனால் அதைப் பற்றி நான் விசாரிக்கப்போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது டீத்தூள் டப்பாவை எடுக்க நாற்காலி போட்டு ஏறினாய். போன வருஷம் அதே தட்டிலிருந்து அதே டப்பாவைத் தரையில் நின்றபடி, பேச்சைக்கூட நிறுத்தாமல் எடுத்தவன் நீ. நெஞ்சில்தான் ஆபரேஷன் என்று சொன்னாய், காலிலும் நாலு அங்குலம் குறைத்துவிட்டார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் உடனே உனக்கு நெட்வொர்க் போயிருக்கும்.

பத்தொன்பது வருஷமாக பிசியோதெரபி நிலையத்தில் மசாஜ் மேஜையோரம் நின்று பிழைக்கிறவள் நான். உன் இடது தோள் காதை நோக்கி ஏறியிருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயே, என் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை யாரும் செய்ததில்லை. மார்பில் அறுவை செய்துகொண்ட பெண்கள் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். தழும்பு மேலே அழகாக ஆறிவிடும், அடியில் இருக்கிற சதையோடு ஒட்டிக்கொள்ளும், கையைத் தூக்கினால் உள்ளே யாரோ கயிற்றைப் பிடித்து இழுப்பது போல இருக்கும், இழுக்கிறதே என்று தூக்காமல் விட்டால் தோளே இறுகிப்போகும். காயம் முழுக்க மூடிவிட்டது, மசாஜ் தொடங்கலாம் என்று உன் டாக்டர் எட்டாவது வாரத்தில் எழுதிக் கொடுத்த தாளை நீயேதான் எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினாய். இது பதினோராவது வாரம். கேட்டால், நல்லாத்தானேம்மா இருக்கு, அத எதுக்கு நோண்டணும் என்கிறாய். மேடைக்கு விளக்கு கட்டுகிறவன் நீ, அடுத்த மாதம் விடுப்பு முடிகிறது. ஏணியில் நின்று தலைக்கு மேலே ஒரு கையால் கட்டுவதாக உத்தேசமா, இல்லை மேடையைக் கூரை வரைக்கும் உயர்த்தித் தரச் சொல்லி மனு கொடுத்திருக்கிறாயா?

கிண்டல் போதும் என்கிறார் உன் அப்பா. அவர் கதையையும் கேள். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர், நீ மகளல்ல, மகன் என்று எங்களிடம் சொன்ன நாளிலிருந்து உன் விஷயத்தில் பிழையே வராமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அவன் என்றும் சொல்ல மாட்டார், அவள் என்றும் சொல்ல மாட்டார். சாப்பிட்டாச்சாமா, மருந்து போட்டாச்சாமா, தூங்கியாச்சாமா. இரண்டு வருஷமாக நம் வீட்டில் எல்லாக் காரியமும் ஆளில்லாமல் தானாகவே நடந்து முடிந்துகொண்டிருந்தது. உனக்கு எழுதும் முன் இந்தத் தழும்பு மசாஜை ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்று அவரைப் படுக்கச் சொன்னேன். மனிதர் உடம்பில் ஒரு தழும்பு கிடையாது, அவ்வளவு ஜாக்கிரதையாக வாழ்ந்திருக்கிறார். அதனால் நான் படுத்தேன், அவர் செய்தார். என் அடிவயிற்றில் உன்னை வெளியே எடுத்த தையல் இருக்கிறது, அதற்கும் உன் வயசு, இருபத்தொன்பது. ஊரார் தழும்பையெல்லாம் நீவிவிடுகிற நான் அதை ஒரு நாளும் தொட்டதில்லை. நல்லாத்தானே இருக்கு, எதுக்கு நோண்டணும் என்றுதான். உன் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? அப்பா இரண்டு விரலை வைத்து, சூடான பாத்திரத்தைத் தொடுகிறவர் மாதிரி, தோலை நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை. பிடிவாதமாக ஒட்டிக் கிடந்தது. கையை எடுக்காமலே, அவனுக்கும் இப்படியே ஒட்டிக்கிச்சுன்னா என்ன பண்றது என்றார். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆகவே கவனி. குளித்த பிறகு, கையைக் கழுவிக்கொண்டு, வாசனை இல்லாத க்ரீம் துளி எடுத்துக்கொள். முதல் நாள் தழும்பின் மேல் கையை வைத்துச் சும்மா இரு, அதற்கு டிகிரி தேவையில்லை. அப்புறம் இரண்டு விரலால் மேலும் கீழும், பக்கவாட்டில், சின்ன வட்டமாக. விரல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, தோல் விரலோடு சேர்ந்து நகர வேண்டும். நகம் லேசாக வெளுக்கிற அளவு அழுத்தம், ஐந்து நிமிஷம், காலையும் மாலையும். அந்த இடம் இன்னும் மரத்துத்தான் இருக்கும், அதனால் வலிக்கவில்லையே என்று நம்பி அழுத்தாதே, வெந்நீர்ப் பையும் வைக்காதே. சிவந்து, சூடாகி, வீங்கினால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடு, என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே. பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த நெஞ்சு, கை பட்டால் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கவா இத்தனை பாடுபட்டாய்? அதோடுதான் நீ குளிக்க வேண்டும், தூங்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும்.

டாக்டர் கொடுத்த அந்தத் தாளின் கீழே நம்பர் போட்டிருந்த தெரபிஸ்ட் அம்மாவுக்கு நானே போன் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்வதானால் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கோபித்துக்கொள். உன் மாதிரி ஆபரேஷன் செய்தவர்கள்தான் அவரிடம் நிறையப் பேர் வருகிறார்களாம். பாதிப் பேர் முதல் நாள் சட்டையே கழற்றாமல் பேசிவிட்டு மட்டும் போவார்களாம், அதுவும் சிகிச்சைதான் என்றார். செவ்வாய் பத்து மணியை ஒதுக்கி வைத்திருக்கிறார், நீ கூப்பிட்டுச் சரி என்று சொன்னால்தான் அது உன்னுடையது, உடம்பு உன்னுடையதல்லவா. நீ போகவில்லை என்றால் நான் கிளம்பி வருவேன். நான் வந்தால் அப்பாவும் வருவார், அவரும் இப்போது தொழில் தெரிந்தவர். ஒரே அறை, ஒரே கட்டில், இரண்டு நிபுணர்கள். யோசித்து முடிவு செய்.

நீ விரும்பிய உடம்போடு, விரும்பிய வேலையை, இரண்டு கையாலும் நீண்ட காலம் செய்து நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசி. செவ்வாய்க்கிழமை, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போ. தலைவழியாக மாட்டுகிறது வேண்டாம், கழற்றும்போது கை மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் துணிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்பாய், உதவிக்கு யாரையும் கூப்பிடவும் மாட்டாய். கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா