க. அ. ஏசு எந்தத் தெருக்காரர்?

அன்பு மகள் வாயாடிக்கு,

2026 ஆகஸ்ட் 9, ஞாயிறு, காலை 9.50. பூசை முடிந்து வந்து அப்பா எழுதுகிறேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதுவரை 43 பேர், பங்குச்சாமியாரையும் உன் அம்மாவையும் சேர்த்து. உடம்புக்கு இருவரும் நலம், என் மானத்துக்குத்தான் சுகமில்லை. விடுதிக்கு மூன்று தடவை போன் செய்தேன், நீ பேச வரமாட்டேன் என்றதாக வார்டன் சொன்னார். கோபம் நியாயம்தான். கோயிலின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவில் வரலாற்றை வாசிக்க உன்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், விழாவே இந்த வருஷம் இல்லை, லீவு கேட்காதே என்று சொல்லி உன் ஆசையில் மண்ணைப் போட்டவன் நான்.

தலைநகரின் நடுவில் இரண்டு வங்கிகளுக்கு இடையே நசுங்கி நிற்கும் கோயிலுக்கு வரலாறு எழுத இன்ஜினியர் எதற்கு என்று சாமியாரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் லேசர் கருவியோடு போய் நின்றேன். அடிக்கல் வைத்தது 1876 என்று எல்லாரும் சொன்னார்கள், ஆதாரம் எங்கே என்றேன். ஞானஸ்நானப் பதிவேடு 1888இல்தான் தொடங்குகிறது. கட்டி முடிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கலாம் என்பது இந்த மண்டையில் ஏறவில்லை. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களுக்குப் பின்னால், அடிக்கல்லைக் கண்டுபிடித்தேன். நான்கே எழுத்து: கஅஎசு. அந்தக் காலத்தில் எ, ஏ இரண்டும் ஒன்றுதான் என்று எங்கோ படித்த அரைகுறை ஞானத்தில், கல்லைக் கொடுத்த புண்ணியவான் பெயர் க. அ. ஏசு என்று முடிவுகட்டி, கல்லில் வருஷமே இல்லை, 1888தான் கணக்கு என்று பங்குக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டி, விழாவைப் பன்னிரண்டு வருஷம் தள்ளவும் வைத்துவிட்டேன். எதிர்த்துப் பேசிய பாடகர் குழு அக்காவை, "உணர்ச்சி வேற, டேட்டா வேற" என்று உட்கார வைத்தேன்.

இன்று அறிவிப்புப் பலகையில் என் கட்டுரையைப் படித்த கோயில்பிள்ளை, அதுதான் நம் மணியடிக்கிறவர், கூட்டத்துக்கு நடுவில் கேட்டார்: "ஏன் தம்பி, இந்த ஏசு எந்தத் தெருக்காரரு?" இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "ஆளு இல்லப்பா, வருஷம். தமிழ் எண்ணு. ஒண்ணு, எட்டு, ஏழு, ஆறு." பாடகர் குழு அக்கா சும்மா இருப்பாரா? "டேட்டா சரியாத்தான் இருந்துச்சு, படிக்கத்தான் ஆளில்ல." சாமியார் அங்கேயே அறிவித்துவிட்டார், விழா 23ஆம் தேதி, வாசிப்பது நீதான்.

போன மாதம் உன் கடிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் ௧, ௨, ௩ என்று போட்டிருந்தாய். எண் போடு, எழுத்துப் போடாதே என்று சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிய மேதையும் நான்தான்.

வேளைக்குச் சாப்பிடு, தொண்டையைப் பார்த்துக்கொள், 23ஆம் தேதி அது வேண்டும். ஆண்டவர் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காக்கட்டும், என் ஆராய்ச்சியிலிருந்தும்.

உன் அப்பா

இனி நான் செய்யப் போவது:

௧. நாளை வார்டனிடம் உன் லீவை மறுபடி கேட்பது, கெஞ்சியாவது.

௨. 22ஆம் தேதி காலை விடுதி வாசலில் வந்து நிற்பது. நீ பேச வேண்டாம், பையைக் கொடு போதும்.

௩. கட்டுரையைத் திருத்துவது. ஏசு கதை அதில் இருக்கும், அந்த இடத்தைச் சத்தமாக வாசி.

௪. இந்த நான்கு எண்களையும் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று உன் பதிலுக்குக் காத்திருப்பது. தப்பென்றால் சிவப்பு மையில் திருத்து.