கட்டத்தில் அடங்காத பதில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை, அவர் டாக்டர் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி குறைவில்லை. நீ சுகமா என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். மூன்று வாரமாகச் சாப்பாடு, தூக்கம், புது வேலை என்று எதைக் கேட்டாலும் "பரவாயில்லைம்மா" என்கிறாய். கேமராவையும் அணைத்துவிடுகிறாய். போன வாரம் வரை அந்தச் சொல்லைக் கேட்டு நிம்மதியாகப் போனை வைத்தவள்தான் நான். இப்போது அது காதில் விழுந்தால் போனை வைக்க மனம் வருவதில்லை. போனில் சொன்னால் பாதியில் அதையே சொல்லி வைத்துவிடுவாய், அதனால்தான் விரைவுத் தபாலில் எழுதுகிறேன்.

எங்கள் சுகாதார நிலையத்தில் என் அறை உனக்கு நினைவிருக்கும், ஊசி போடும் அறைக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் குழந்தை வீல் என்று அலறும், இந்தப் பக்கம் நான் யாரையாவது மெதுவாக மூச்சு விடச் சொல்லிக்கொண்டிருப்பேன். என்னைப் பார்க்க வருகிறவர்களிடம் முதலில் நர்ஸ் பத்துக் கேள்வி கேட்டுத் தாளில் பதிலை எழுதுவாள். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ், வாசலில் நாற்பது பேர் நின்றாலும் பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடுவாள். அந்தத் தாளை வைத்துத்தான் யாரை இன்றே பார்ப்பது, யாருக்கு அடுத்த மாதம் தேதி கொடுப்பது என்று பிரிப்பேன். இத்தனை பேருக்கு உளவியலாளர் என்று இருப்பது நான் ஒருத்தி, வேறு வழியில்லை.

போன செவ்வாய்க்கிழமை லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவர் வந்தார். பெயரும் தெருவும் உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன், இவ்வளவும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கூட வேலை பார்த்தவருக்கு அடிபட்டதிலிருந்து வேலைக்கே போகவில்லையாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பது எங்கள் ஒன்பதாவது கேள்வி. அதற்கு நேராகக் கட்டத்தில் "பரவாயில்லை" என்று இருந்தது. சரி, அப்படியொன்றும் மோசமில்லை என்று அவர் தாளை அடுத்த மாதத் தேதிக்கான தாள்களோடு சேர்த்து வைத்தேன். மத்தியானம் டீ குடிக்கும்போது எக்ஸ்பிரஸ் பேச்சுவாக்கில் சொன்னாள், அந்த லிஃப்ட்காரர் தங்கமான மனுஷன்க்கா, ஒன்பதாவது கேள்விக்குச் சிரிச்சுக்கிட்டே "நான் இல்லாட்டியும் பரவாயில்லை"ன்னாரு என்று. அதை ஏன் முழுசா எழுதலை என்று கத்திவிட்டேன். அவள் முகம் வெளிறிப்போய், கட்டத்துல ஒரு வார்த்தைக்குத்தானேக்கா இடம் இருக்கு என்றாள். நிஜம்தான் பாப்பா. அந்தத் தாளைத் தயார் செய்து கொடுத்ததே நான்தான்.

போன் அடித்தோம், அணைத்து வைத்திருந்தார். எக்ஸ்பிரஸின் ஸ்கூட்டரில் பின்னால் தொற்றிக்கொண்டு போனேன். நாலாவது மாடி. லிஃப்ட் பழுது பார்க்கிறவர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை, வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். கதவைத் தட்டினோம், தட்டிக்கொண்டே இருந்தோம், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திறந்தார். உள்ளே தரையில் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பெயர் எழுதி ஒட்டியிருந்தார். படித்த படிப்பெல்லாம் அப்போது வாயில் வரவில்லை. காலையில நீங்க சொன்னதுல பாதியைத் தொலைச்சிட்டோம், மறுபடி சொல்லுங்க என்று மட்டும் கேட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அவர் அக்கா கூடவே இருக்கிறார். கண்டம் தாண்டிவிட்டது என்று சொல்ல எனக்கு இன்னும் பயம். நேற்றுப் போனபோது, ஸ்பேனர்ல ஒட்டினதை மட்டும் கிழிச்சிடச் சொல்லுங்க மேடம், மத்ததை அப்புறம் பார்க்கலாம் என்றார். வெளியே வந்து அழுதேன்.

நீ ரெண்டாவது படிக்கும்போது உன் பள்ளி விழாவுக்கு என்னால் வர முடியவில்லை. பரவாயில்லைம்மா என்றாய். காய்ச்சலில் உன்னைத் தனியாக விட்டு வேலைக்குப் போனபோதும் அதையே சொன்னாய். என் பெண் ஒரு தொந்தரவும் தராதவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். உனக்கும் நான் சின்னக் கட்டம்தான் போட்டு வைத்திருந்தேன் போலிருக்கிறது. உனக்கு ஆபத்து என்று நினைக்கவில்லை, ஆனால் அன்றைக்குக் காலையில் அவரைப் பற்றியும் நான் அப்படி நினைக்கவில்லையே. இது கிடைத்த அன்றே போன் செய். முகத்தைக் காட்டு. அந்தச் சொல்லைத்தான் சொல்வாய் என்றால் அதற்கு முன்னால் விழுங்குகிற வார்த்தையையும் சேர்த்துச் சொல், எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன், போன் வராவிட்டால் நான் கிளம்பி வந்துவிடுவேன், லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. அப்பா இப்போதே பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்.

நல்லா இரு கண்ணு, நூறு வயசு நல்லா இரு. இதோடு ஒரு வெள்ளைத்தாளும் மடித்து வைத்திருக்கிறேன், பேச முடியாததை அதில் எழுது. கட்டம் எதுவும் போடவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா