கணவாய் மேட்டில் என் கல்

திரு வளர்க. நீர் வளர்க. பனி தன் பருவத்தில் பெய்து தன் பருவத்தில் உருகுக.

ஏழு ஆறுகளின் தலைவரும் நாற்பது துறைகளின் காவலரும் துடுப்புக் கொடி உயர்த்தியவருமாகிய நெடுங்கோ மகாராசரின் இடப்பக்கம் வீற்றிருக்கும் பட்டத்தரசி புவனமாணிக்க மாதேவி, மாணிக்கத்துறை அரண்மனையிலிருந்து, முகிற்கோட்டு மலைநாட்டின் ஆட்சித்தலைவியும் ஒன்பது சிற்றூர்களின் தாயும் கணவாயைக் காப்பவரும் எமக்கு இளையவருமாகிய சுனைநாச்சியாரின் திருமுன்னர் விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டின் முந்நூற்றுப் பன்னிரண்டு அடுப்புகளும் அணையாதிருக்க. தங்கள் ஆடுகள் இரட்டைக் குட்டி ஈனுக. தங்கள் நாணற்பாலம் அறாதிருக்க. இங்கு மகாராசர் நலம். அவருடைய யானைகளும் குதிரைகளும் நலம். யாமும் நலம் என்று எழுதும்படி கட்டளை.

மகாராசர் திருவாய் மலர்ந்த செய்தியாவது: வருகின்ற வைகாசித் திங்களில், கணவாய்ப் பனி உருகி வழிவிட்டதும், தம் தேவியின் பிறந்த நாட்டைக் கண்டு மகிழ மகாராசர் திருவுளம் கொண்டிருக்கிறார். உடன் வருவோர் நாலாயிரத்து முந்நூற்றுவர். குடை பிடிப்போர், கவரி வீசுவோர், இசைவாணர், மடைப்பள்ளியார், வேட்டை நாய்களைக் காப்போர், பிற நாட்டு நீர் மகாராசருக்கு ஒவ்வாதாகையால் நம் ஆற்று நீரைச் செப்புக் குடங்களில் சுமந்து வருவோர் இருநூற்றுவர், யாவரும் இத்தொகையில் அடக்கம். தங்கல் நாற்பது நாள். நாணற்பாலத்தில் ஒருவர்பின் ஒருவராகவே நடக்கக் கூடும் என்று யாம் தெரிவித்தமையால், பயண அதிகாரி வில்லவராயர் தச்சர் அறுநூற்றுவரை முன்னதாக அனுப்பி, பாலத்துக்கு மேலே நிற்கும் தேவதாரு மரங்களை வெட்டிப் பல்லக்குச் செல்லும் அகலத்தில் மரப்பாலம் அமைப்பார். அதற்குத் தங்கள் நாட்டார் உதவுக. மகாராசர் மனம் மகிழ்ந்தால் முகிற்கோட்டுக்கு ஒரு பொற்குடை வழங்கப்படும்.

இதுவரை மகாராசர் சொல்லச் சொல்ல எழுதினேன். இனி நான் எழுதுகிறேன், சுனை.

அஞ்சாதே. நம் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் இந்த அரண்மனையில் நான் ஒருத்திதான். மகாராசர் பத்தடி தொலைவில் அமர்ந்து என் எழுத்தாணி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓலை நீள நீளப் பெறுகிறவருக்கு மரியாதை கூடும் என்பது இந்நாட்டு எண்ணம். ஆகவே ஏடு நிறைய நிறைய அவர் மகிழ்கிறார். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்வார். அவர் சொன்னதையே திரும்பச் சொல்வேன். தம் கையால் இலச்சினை இடுவார்.

பன்னிரண்டு ஆண்டுகளாகத் தைத் திங்களில் இந்தப் பயணம் திட்டமிடப்படுகிறது. ஆனித் திங்களில் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுகிறது. முதல் ஆண்டில் நான்கு குதிரைகளும் ஒரு சமையற்காரரும் என்றுதான் பேச்சு. நான் பொதி கட்டிவிட்டேன். பட்டத்தரசி இவ்வளவு எளிமையாகப் போனால் அண்டை அரசர்கள் நகைப்பார்கள் என்று அமைச்சர் சொல்ல, பரிவாரம் நானூறு ஆயிற்று. நானூறு பேருக்கும் ஒரே நிறத்தில் உடை நெய்வதற்குள் கணவாய் மூடிக்கொண்டது. மூன்றாம் ஆண்டில் பல்லக்கின் பட்டு வெளுத்திருந்தது. ஐந்தாம் ஆண்டில் நகர வாயில் வரை வந்துவிட்டோம். பட்டத்து யானை தும்மியது. சோதிடர் ஆறு மாதம் நிற்கச் சொன்னார். ஏழாம் ஆண்டில், குடைக்குத் தொங்கல் கட்ட வேண்டிய முத்து கடல் கடந்து வந்து சேரவில்லை. அந்த ஆண்டில்தான் அம்மா இறந்தார். ஆடி மாதத்தில் உப்பு வணிகர் நல்லாத்தன் வந்து செய்தி சொன்னபோது, கணவாய் திறந்து இரண்டு திங்கள் ஆகியிருந்தது. முத்து அதற்கும் இருபது நாள் கழித்து வந்தது. நல்ல முத்து.

நாலே பேரோடு என்னை அனுப்புங்கள், நடந்தே போகிறேன் என்று கேட்காத ஆண்டில்லை. ஒரு முறை மகாராசர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாலு பேரோட உன்ன அனுப்பினா ஊரு என்ன சொல்லும், தேவி? துரத்திவிட்டுட்டான்னுதானே சொல்லும்?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவர் அல்லர், சுனை. கெட்டவராயிருந்தால் வெறுத்துவிட்டு இருந்திருப்பேன். அம்மா இறந்த துயரில் நான் உண்ணாதிருந்தேன் என்று, என் பள்ளியறைச் சுவர் நான்கிலும் முகிற்கோட்டுப் பனியைத் தீட்டச் செய்தார். ஓவியன் பனியைப் பார்த்ததில்லை. பஞ்சுப் பொதிகளை அடுக்கி வைத்தாற்போல வரைந்துவிட்டான். மகாராசர் கதவருகே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாயிருக்கிறது என்றேன். அந்தப் பஞ்சுக்கு நடுவில்தான் ஐந்து ஆண்டுகளாக உறங்கி எழுகிறேன்.

இந்த ஆண்டு தள்ளிப் போகாது. அவை நடுவே சூளுரைத்துவிட்டார். “இந்த வருஷம் போறோம், தேவி. உலகமே பார்க்கிற மாதிரி போறோம்” என்றார். உடை தயார், குடை தயார், பல்லக்கு தயார், யானையின் தும்மலுக்கு மருந்துகூடத் தயார். பன்னிரண்டு ஆண்டுகள் எதற்காக அழுதேனோ அது வாயிலில் வந்து நிற்கிறது. நான் மகிழ்ந்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. மூன்று நாள் மகிழ்ந்தேன்.

நான்காம் நாள் மடைப்பள்ளித் தலைவர் வந்து, தங்கள் நாட்டில் ஆடுகள் எத்தனை, தாயே என்று பணிவோடு கேட்டார். நான் புறப்பட்ட நாளில் இருந்த எண்ணிக்கையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஒரு நாட்டுல மொத்தமே இவ்வளவுதானா தாயே? நம்ம ஆளுங்க ஆறு நாள்ல முடிச்சிருவாங்களே” என்றார். அவர் போன பிறகு நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நம் களஞ்சியத்து வாற்கோதுமை இந்தக் கூட்டத்துக்குப் பதினொரு நாள் வரும். விருந்தாளி எப்போது புறப்படுவார் என்று கேட்பது நம்மிடம் இழிவு. களஞ்சியம் ஒழிந்தால் விதைத் தானியத்தைத் திறந்து படைக்க வேண்டும். நீ திறப்பாய். உன்னை எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் நாள் திறப்பாய். நாற்பதாம் நாள் சிரித்த முகத்தோடு எங்களை வழியனுப்புவாய். அதன்பின் விதைக்க ஒரு பிடி இராது.

தேவதாருத் தோப்பைப் பற்றி வில்லவராயரிடம் சொன்னேன். மேல்முகட்டுப் பனி சரிந்து கீழ்ச்சரிவு ஊரின்மேல் விழாதபடி தாங்கி நிற்பது அந்த மரங்களே என்று சொன்னேன். “மரந்தானே தாயே, திரும்ப வளரும்” என்றார். மகாராசரிடம் சொன்னேன். எவ்வளவு நெல் வேண்டுமானாலும் ஈடாக அனுப்புவேன் என்றார். அவர் ஊர் திரும்பி, நெல் அளந்து, கழுதைகளில் ஏற்றுமுன் கணவாய் மூடிவிடும் என்றேன். அடுத்த ஆண்டு அனுப்பலாமே என்றார். அடுத்த ஆண்டு என்பது அவருக்கு எப்போதும் நெருங்கிய ஒன்று. பயணமே வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். நான் ஊடுகிறேன் என்று எண்ணி இசைவாணரின் தொகையை இருமடங்காக்கிவிட்டார்.

ஆகவே நிறுத்த வேண்டியவள் நீ. எப்படி என்று சொல்கிறேன்.

நான் மறந்துவிட்டேன் என்று நம் முதியோர் சொல்லாதிருக்க, நம் வழக்கத்தை என் கையாலேயே எழுதுகிறேன். கணவாயைக் கடந்து போகிறவர் மேட்டில் ஒரு கல்லை வைத்துப் போக வேண்டும். திரும்பி வரும்போது அதை அவரே எடுக்க வேண்டும். பன்னிரண்டாம் பனியுருகலிலும் கல் அங்கேயே இருந்தால் ஆட்சித்தலைவி அதைப் பள்ளத்தில் உருட்டிவிட வேண்டும். மூன்று நாள் நாடெங்கும் உப்பில்லாக் கஞ்சி. அதன்பின் அவர் இறந்தவர். அவர் பெயரை யாரும் அழைப்பதில்லை. அந்த முகத்தோடு ஒருவர் வந்து நின்றாலும் அவருக்கும் அவரோடு வருகிறவர்களுக்கும் ஒரு கதவும் திறப்பதில்லை.

நான் புறப்பட்ட நாளில் நீயும் மேட்டில் நின்றாய். பெண் கேட்டு வந்த இந்நாட்டுத் தூதர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற செருக்கில், இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்க வேண்டிய ஒரு கல்லை எடுத்தேன். அம்மா என் அருகில் வந்து, “பெரிய கல்லா எடுக்காதடி வேங்கை. திரும்பி வர்றப்ப நீதான் தூக்கணும்” என்றார். கேளாதவள்போல அதையே வைத்தேன்.

வருவது பன்னிரண்டாம் உருகல். போன கார்த்திகையில் நல்லாத்தன் கொண்டுவந்த உன் ஓலையைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். “உன் கல்ல யாரும் தொட விடமாட்டேன் அக்கா. நீ வர்ற வரைக்கும் வழக்கம் காத்திருக்கட்டும்” என்று நாம் பேசுகிறபடியே எழுதியிருந்தாய். அதைப் படித்து எத்தனை நாள் உயிர் தரித்தேன் என்று உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன்: காத்திருக்க வேண்டாம். உருட்டிவிடு.

பொய்யாகச் செய்யாதே. கல்லை மறைத்து வைத்துவிட்டு உருட்டினேன் என்று சொல்லியனுப்பாதே. நாற்பது துறைகளிலிருந்தும் வணிகர்கள் அந்த வழியே போகிறார்கள்; ஒருவன் பார்த்தால் போதும். மெய்யாகவே உருட்டு. மெய்யாகவே உப்பில்லாக் கஞ்சி குடி. பின்னர் நல்லாத்தனையும் முதியோர் இருவரையும் இங்கே அனுப்பு. நல்லாத்தன் எழுத்து அறியாதவரேனும் இருமொழியும் பேசுவார். அவைக்கு நடுவே, மகாராசரும் சோதிடரும் கேட்க, வேங்கைநாச்சி இறந்தாள், அவளோடு வருகிறவர்களுக்கு முகிற்கோட்டில் கதவு இல்லை என்று மூன்று முறை சொல்லட்டும். மற்றதை இவர்களே பார்த்துக்கொள்வார்கள். யானை தும்மியதற்கு ஆறு மாதம் நின்றவர்கள், இறந்தவளைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு மலை ஏற மாட்டார்கள்.

அவையில் நான் அழுவேன். நடிக்கிறேன் என்று முதியோர் எண்ண வேண்டாம்.

பிறகு எப்போதாவது, எனக்கு வயதான பின், மகாராசர் மனம் மாறி நாலு பேரோடு என்னை அனுப்பினாலும், நான் தனியே நடந்து வந்து உன் வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைத்தாலும், நீ திறக்கக் கூடாது. ஒரு முறை திறந்தால் அடுத்த தைத் திங்களில் நாலாயிரத்து முந்நூறு பேர் பொதி கட்டுவார்கள். இதை ஆட்சித்தலைவிக்குப் பட்டத்தரசி இடும் கட்டளையாகக் கொள். தங்கையிடம் என்னால் இதைக் கேட்க முடியாது.

ஒன்று மட்டும் மனத்தில் அடங்கவில்லை, எழுதிவிடுகிறேன். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நீ ஒரு முறையேனும் இறங்கி வந்திருக்கலாம். ஆட்சித்தலைவி கணவாயைக் கடக்கலாகாது என்ற விதி உண்டு என்று அறிவேன். அறிந்தேதான் எழுதுகிறேன்.

இவ்வோலை நெடுங்கோ மகாராசருக்கு ஆட்சியாண்டு பதினாறாவதில், பங்குனித் திங்கள் தேய்பிறை ஐந்தாம் நாளில், பட்டத்தரசி தன் கையால் கீறி, மை தடவி, நூல் கோத்தது. எழுத்து என்னுடையது. துடுப்புப் பொறித்த இலச்சினை மகாராசருடையது. அவர் இதோ மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். இதில் கண்டபடி இதைக் கண்ட அன்றே செய்க. தோப்பு நிற்க. விதை தங்குக. பாலம் ஒருவர்பின் ஒருவரைத் தாங்குக.

கல் பெரியது, சுனை. தனியாகப் புரட்டப் பார்க்காதே. இரண்டு பேரைக் கூட்டிக்கொள்.